சிறிய உருவம், பெரிய துணிவு

1846ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஒரு வாடகை வீடு. அங்கு இருட்டாக்கப்பட்ட ஓர் அறையில் முதியவர் ஒருவர் கண்ணில் கட்டுடன் அசையாமல் படுத்திருந்தார். அறுவைச் சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கும் வழக்கம் இல்லாத காலம் அது. கண்புரையை நீக்கும் சிகிச்சையை அவர் விழித்த நிலையிலேயே தாங்கியிருந்தார். துணைக்கு வந்திருந்த அவருடைய மகளுக்கு வயது 30. அவரும் பல்வலியால் அவதிப்பட்டுக்கொண்டிருந்தார். அவர் எழுதிய முதல் நாவலைப் பதிப்பாளர்கள் ஒருவர்பின் ஒருவராகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தனர். மனம் சோர்ந்து போவதற்கு எல்லாக் காரணங்களும் இருந்தன. ஆனால், அவர் பென்சிலை எடுத்துப் புதிய நாவல் ஒன்றை எழுதத் தொடங்கினார். அந்த நாவல்தான் ‘ஜேன் அயர்’. அதை எழுதியவர் சார்லட் புரோண்டே.

சார்லட் 1816ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் தேதி இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் பிறந்தார். தந்தை பேட்ரிக் புரோண்டே அயர்லாந்திலிருந்து வந்த பாதிரியார். ஆறு பிள்ளைகளில் சார்லட் மூன்றாமவர். 1820இல் குடும்பம் ஹவர்த் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. வீட்டின் முன்புறம் தேவாலயமும் கல்லறைத் தோட்டமும் இருந்தன. பின்புறம் காற்று ஓயாமல் வீசும் பொட்டல் மேடுகள் பரந்து கிடந்தன. மறு ஆண்டே தாயார் நோயுற்று இறந்தார். தாயின் அக்காள் வந்து பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டார்.

எட்டு வயதில் சார்லட் பாதிரியார்களின் மகள்களுக்காக நடத்தப்பட்ட ஓர் உறைவிடப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். அவருடைய அக்காள்மார் மரியாவும் எலிசபெத்தும் முன்னரே அங்குச் சேர்ந்திருந்தனர். அங்கு உணவு மோசமாக இருந்தது, குளிர் வாட்டியது, தண்டனைகள் கடுமையாக இருந்தன. மரியா இரக்க குணம் கொண்டவர். தண்டனையைப் பொறுமையுடன் ஏற்பவர். 1825ஆம் ஆண்டு மரியாவும் எலிசபெத்தும் காசநோயால் அடுத்தடுத்து இறந்தனர். ஒன்பது வயதுச் சார்லட் திடீரென்று வீட்டின் மூத்த பிள்ளையானார். தம்பி பிரான்வெல், தங்கைகள் எமிலி, ஆன் ஆகிய மூவருக்கும் அவர் வழிகாட்டியாக வேண்டியிருந்தது.

துயரம் சூழ்ந்த அந்த வீட்டிற்குள் மகிழ்ச்சி ஒரு விளையாட்டுப் பெட்டியின் வழியாக வந்தது. 1826இல் தந்தை மகனுக்காக மரத்தால் செய்த பொம்மைப் போர்வீரர்களை வாங்கி வந்தார். நான்கு பிள்ளைகளும் ஆளுக்கொரு வீரனைத் தேர்ந்தெடுத்துப் பெயர் சூட்டினர். பொம்மைகளுக்கு நாடுகள் பிறந்தன, அரசர்கள் தோன்றினர், போர்கள் மூண்டன. அக்கதைகளைப் பிள்ளைகள் சிறு தாள்களில் எழுதித் தைத்துப் புத்தகமாக்கினர். பொம்மைகள் படிப்பதற்கென்று தயாரிக்கப்பட்டவை என்பதால், அவை தீப்பெட்டி அளவே இருந்தன. அவற்றில் எழுதிப் பழகிய கைகளே பின்னாளில் உலகம் போற்றும் நாவல்களைப் படைத்தன.

எழுத்தாளராக வேண்டும் என்ற ஆசை சார்லட்டின் மனத்தில் வேரூன்றியது. 20 வயதில், தாம் எழுதிய கவிதைகளை இங்கிலாந்தின் அரசவைக் கவிஞரான ராபர்ட் சவுதிக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார். சில மாதங்கள் கழித்துப் பதில் வந்தது. சார்லட்டுக்குத் திறமை இருப்பதைச் சவுதி மறுக்கவில்லை. ஆனால், எழுத்தை வாழ்க்கைப் பணியாகக் கொள்வது பெண்களுக்கு ஏற்றதன்று என்று அறிவுரை கூறியிருந்தார். அன்றைய சமுதாயமும் அவ்வாறே எண்ணியது. சார்லட் அவருக்குப் பணிவுடன் நன்றி தெரிவித்து மடல் எழுதினார். அவருடைய கடிதத்தையும் பத்திரமாக வைத்துக்கொண்டார். எனினும், எழுதுவதை அவர் நிறுத்தவில்லை.

வருமானத்திற்காக அவர் பள்ளி ஆசிரியையாகவும், செல்வர் வீடுகளில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் இல்ல ஆசிரியையாகவும் பணியாற்றினார். இல்ல ஆசிரியையின் நிலை அந்நாளில் பரிதாபமானது. அவரைக் குடும்பத்தினர் தமக்குச் சமமாக மதிக்கமாட்டார்கள். பணியாளர்களும் தம்முள் ஒருவராக ஏற்கமாட்டார்கள். அந்தத் தனிமையைச் சார்லட் நன்கு உணர்ந்தார். சொந்தமாகப் பள்ளி நடத்த விரும்பி, பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகருக்குச் சென்று பிரெஞ்சு மொழி பயின்றார். 1844இல் பள்ளிக்கான விளம்பரத் தாள்களை அச்சிட்டார். ஒரு மாணவிகூடச் சேரவில்லை.

அடுத்த ஆண்டு, எமிலி மறைத்து வைத்திருந்த கவிதைகளைச் சார்லட் தற்செயலாகக் கண்டார். அவற்றின் ஆற்றல் அவரை வியக்க வைத்தது. மூன்று சகோதரிகளும் தங்கள் கவிதைகளைத் தொகுத்து, 1846இல் சொந்தச் செலவில் வெளியிட்டனர். பெண்கள் எழுதியது என்று தெரிந்தால் விமர்சகர்கள் நடுநிலையுடன் படிக்கமாட்டார்கள் என அஞ்சி, கரர் பெல், எல்லிஸ் பெல், ஆக்டன் பெல் என்ற புனைபெயர்களைச் சூட்டிக்கொண்டனர். முதல் ஆண்டில் விற்ற பிரதிகள் இரண்டே! ஆனாலும், மூவரும் துவண்டுவிடாமல் நாவல் எழுதத் தொடங்கினர். மான்செஸ்டரில் தந்தையின் அறைக்கு அருகில் அமர்ந்து சார்லட் பென்சிலைக் கையில் எடுத்தது இந்தச் சூழ்நிலையில்தான்.

அன்றைய நாவல்களில் கதைத்தலைவி பெரும்பாலும் பேரழகியாக இருப்பாள். சார்லட் அந்த வழக்கத்தை மாற்றினார். அவருடைய ஜேன் அழகற்றவள், ஏழை, சார்லட்டைப் போலவே சிறிய உருவம் கொண்டவள். அவளுக்குத் துணிவு மட்டும் இருந்தது. அந்தத் துணிவு கதை நெடுக ஒரே மாதிரி இருப்பதில்லை. அவளுடன் சேர்ந்து வளர்கிறது.

பெற்றோரை இழந்த ஜேன், பத்து வயதில் அத்தையின் வீட்டில் அவமதிக்கப்படுகிறாள். தன்னை அடிக்கும் மைத்துனனைத் திருப்பித் தாக்குகிறாள். அது கோபத்தில் பிறந்த துணிவு. பிறகு, உறைவிடப் பள்ளியில் ஹெலன் என்னும் தோழியைச் சந்திக்கிறாள். வெறுப்பைச் சுமக்காமல் துன்பத்தைத் தாங்குவதும் துணிவுதான் என்பதை அவளிடம் கற்றுக்கொள்கிறாள். ஹெலன் நோயால் இறந்துபோகிறாள். சார்லட் தம் அக்காள் மரியாவை எண்ணியே ஹெலனைப் படைத்தார்.

வளர்ந்த பிறகு ஜேன் ஒரு மாளிகையில் இல்ல ஆசிரியையாகிறாள். அதன் உரிமையாளர் ராசெஸ்டரை அவள் நேசிக்கிறாள். திருமண நாளன்று, அவருக்கு ஏற்கெனவே மனைவி இருப்பது தெரியவருகிறது. தம்முடன் வாழும்படி அவர் மன்றாடுகிறார். அவளுக்கு வேறு வீடில்லை, உறவில்லை, பணமும் இல்லை. ஆயினும், தன்மானத்தை இழக்க விரும்பாமல் விடியற்காலையில் வெளியேறுகிறாள். பிறர் இழைக்கும் கொடுமையை எதிர்ப்பதைவிட, தன் மனத்தின் ஆசையை எதிர்ப்பது கடினம். ஜேனின் துணிவு முழுமை பெறும் இடம் இதுவே. தன்னை வதைத்த அத்தை மரணப் படுக்கையில் கிடந்தபோது அவரை மன்னிக்கும் அளவுக்கும் அவளுடைய மனம் வளர்ந்திருந்தது.

கையெழுத்துப் படியைப் பெற்ற லண்டன் பதிப்பாளர் அதைக் கீழே வைக்க மனமில்லாமல் ஒரே நாளில் படித்து முடித்தார். 1847ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் நூல் வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. கரர் பெல் யார் என்ற கேள்வி எங்கும் எழுந்தது. மூன்று பெல்களும் ஒருவரே என்ற வதந்தியும் பரவியது. 1848ஆம் ஆண்டு ஜூலையில் சார்லட்டும் ஆனும் இடிமழையில் நடந்து சென்று, இரவு ரயிலேறி லண்டனை அடைந்தனர். மறுநாள் காலை, எளிய உடையில் வந்து நின்ற இரு சிறிய பெண்களைக் கண்டு பதிப்பாளர் திகைத்துப் போனார்.

ஆனால், வெற்றியின் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் பிரான்வெல் இறந்தார், டிசம்பரில் எமிலி, மறு ஆண்டு மே மாதத்தில் ஆன். எட்டு மாதங்களில் உடன்பிறந்தார் மூவரும் மறைந்தனர். முன்பு சகோதரிகள் மூவரும் இரவில் மேசையைச் சுற்றி நடந்தபடியே தங்கள் கதைகளைப் பேசி மெருகேற்றுவது வழக்கம். இப்போது சார்லட் மட்டும் தனியாக அந்த மேசையைச் சுற்றி நடந்தார். பாதியில் நின்றுபோயிருந்த ‘ஷெர்லி’ நாவலை எழுதி முடித்தார். 1853இல் ‘வில்லெட்’ நாவலை வெளியிட்டார். தாம் படைத்த கதைமாந்தருக்கு அளித்த துணிவை அவர் தம் வாழ்க்கையிலும் காட்டினார்.

1854இல் சார்லட், தந்தையின் உதவிப் பாதிரியாரான ஆர்தர் பெல் நிக்கல்ஸ் என்பவரை மணந்தார். இல்லற வாழ்க்கை ஓராண்டுகூட நிலைக்கவில்லை. 1855ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் தேதி, கருவுற்றிருந்த நிலையில் நோயுற்று, 38ஆம் வயதில் காலமானார்.

ஹவர்த்தில் அவர்கள் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது. பொம்மைகளுக்காக எழுதப்பட்ட சின்னஞ்சிறு புத்தகங்கள் சிலவற்றை அங்குக் காணலாம். இரண்டு பிரதிகள் விற்ற நூலோடும், மாணவியே சேராத பள்ளியோடும் சார்லட் தம் முயற்சியை நிறுத்தியிருந்தால், ஜேன் பிறந்திருக்கமாட்டாள். அச்சமே இல்லாதிருப்பது துணிவன்று. வீழ்ந்த ஒவ்வொரு முறையும் எழுந்து அடுத்த அடியை எடுத்து வைப்பதே துணிவு. சார்லட் புரோண்டேயின் வாழ்வும் எழுத்தும் அதற்குச் சான்றாக நிற்கின்றன.