ஓல்ட் போதகரின் எட்டு மாதங்கள்

மட்டக்களப்பு நகரில் படித்தவர்களுக்கு வாவிக்கரையில் நிற்கும் அந்தச் சிலையைத் தெரியாமல் இராது. விடுதியில் இருந்து வரிசையாக ஆராதனைக்குப் போகும் நாட்களில் எத்தனையோ தடவை அதைக் கடந்து போயிருக்கிறோம். வில்லியம் ஓல்ட் என்ற பெயரும் 1814 என்ற ஆண்டும் எல்லோருக்கும் மனப்பாடம். நான் அவரை, நரைத்த தாடியுடன் இங்கே நாற்பது ஐம்பது வருடம் இருந்து, தாம் கட்டிய பாடசாலையையும் கோவிலையும் பார்த்து மகிழ்ந்து கண்ணை மூடிய ஒரு கிழவர் என்றே நெடுங்காலம் நினைத்திருந்தேன். அவர் இங்கே உயிரோடு இருந்தது எட்டு மாதங்கள் மாத்திரமே என்பது வைத்தியராகி வேலைக்குப் போன பிறகுதான் தெரிய வந்தது. நாங்கள் பட்டம் பெற்றதும் உள்ளகப் பயிற்சி என்று வைத்தியசாலையில் கழிக்கும் காலம் அதைவிடக் கூட.

எட்டு மாதத்தில் ஒருவர் என்ன செய்திருக்க முடியும் என்ற கேள்வி அன்று தொடக்கம் என்னை விடவில்லை. ஆகவே இந்த மலருக்கு எழுதக் கேட்டபோது வேறு யாரையும் யோசிக்கவில்லை.

ஓல்ட் போதகரைப் பற்றிச் சொல்ல முன்னர், அவர் எந்தப் பாசறையில் வளர்ந்தவர் என்பதைச் சொல்ல வேண்டும். 1729ஐ அடுத்த ஆண்டுகளில் ஒக்ஸ்பேர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோன் வெஸ்லி, சார்ள்ஸ் வெஸ்லி சகோதரரும் அவர்களது நண்பர் சிலரும் நேரம் வகுத்து வாழத் தொடங்கினார்கள். எழும்ப ஒரு நேரம், ஜெபிக்க ஒரு நேரம், வாசிக்க ஒரு நேரம், சிறையில் உள்ளவர்களையும் நோயாளரையும் பார்க்கப் போக ஒரு நாள். மற்ற மாணவர்களுக்கு இது பெரிய வேடிக்கை. எதற்கும் ஒரு முறை வைத்திருக்கும் முறைக்காரர் என்ற பொருளில் மெதடிஸ்தர் என்று பட்டம் தெளித்தார்கள். அந்தப் பட்டமே சபையின் பெயராக நிலைத்துவிட்டது. எங்கள் சபைக்குப் பெயர் கொடுத்தது ஒரு கோட்பாடும் அல்ல, ஒரு பரிசுத்தவானும் அல்ல, ஒரு நேரசூசி!

இந்தப் பழக்கம் வெஸ்லி சகோதரருக்குத் தாயிடமிருந்து வந்தது. சூசன்னா வெஸ்லி பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்றவர். பாதியளவே தப்பிப் பிழைத்தன. அத்தனை பிள்ளைகளுக்கு நடுவிலும் வாரத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மாலை என்று ஒதுக்கித் தனியே இருத்திப் பேசுவார். ஜோனுக்கு வியாழக்கிழமை. தமக்கு ஜெபிக்க இடமில்லாத வேளையில் மேலங்கியைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு அடுப்படியிலேயே ஜெபிப்பார் என்றும், அப்போது பிள்ளைகள் சத்தம் போடமாட்டார்கள் என்றும் ஒரு கதை வழங்குகிறது. ஜோன் வெஸ்லியோ 1746இல் லண்டனில் ஏழைகளுக்கு இலவச மருந்து கொடுக்கும் இடம் ஒன்றைத் திறந்து, மறுவருடம் ஒரு மருத்துவக் கைநூலும் வெளியிட்டார். வழுக்கைத் தலைக்கு வெங்காயத்தைத் தேய்த்துப் பிறகு தேன் பூசச் சொல்கிறது அந்நூல். என் நோயாளரிடம் நான் அதைச் சொல்லப்போவதில்லை. ஆனாலும் ஆத்துமத்தையும் உடம்பையும் ஒரே நாளின் வேலையாகப் பார்த்த அந்த மனப்பாங்கு எனக்குப் பிடிக்கும்.

1813இல் கலாநிதி தோமஸ் கோக் என்ற முதியவர், தமது அறுபத்தாறாவது வயதில், இலங்கைக்கு ஒரு மிஷன் போக வேண்டும் என்று மெதடிஸ்த மாநாட்டில் மன்றாடி அனுமதி வாங்கினார். செலவுக்குத் தமது சொந்தப் பணத்தையும் ஈடு வைக்க முன்வந்தார். அவருடன் ஆறு இளம் போதகர்கள் புறப்பட்டார்கள்: லிஞ்ச், ஓல்ட், எர்ஸ்கின், ஹாவர்ட், ஸ்குவான்ஸ், குளோ. ஓல்ட் மனைவியோடு வந்தார். 1813 டிசம்பர் முடிவில் இரண்டு கப்பல்கள் இங்கிலாந்தை விட்டன.

சில வாரங்களுக்குள் ஓல்டின் மனைவி நோயுற்று இறந்தார். உடலைக் கடலில் இறக்கிவிட்டுப் பயணம் தொடர்ந்தது. கப்பலில் ஒருவருக்கு அழக்கூடத் தனியிடம் கிடைத்திருக்காது. மற்றக் கப்பலில், 1814 மே 3ஆம் திகதி காலை, கோக் தமது அறையில் இறந்து கிடக்கக் காணப்பட்டார். அவரையும் இந்து சமுத்திரம் எடுத்துக்கொண்டது. வழி தெரிந்தவரும் அவரே, பணத்துக்குப் பொறுப்பானவரும் அவரே. ஆறு பேரும் பம்பாயில் இறங்கியபோது அறிமுகமும் இல்லை, கையில் போதிய காசும் இல்லை. அங்கே அவர்களுக்குப் பணம் முற்பணமாகக் கொடுத்து ஆதரித்த வணிகரின் பெயர் மணி. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லே பணந்தான். வேதாகம வகுப்பில் இதைக் கேட்டு நாங்கள் சிரித்தது நினைவிருக்கிறது.

ஹாவர்டும் மனைவியும் பம்பாயில் தங்க, மற்ற ஐவரும் 1814 ஜூன் 29ஆம் திகதி காலியில் வந்து சேர்ந்தார்கள். தேசாதிபதி பிரவுன்ரிக் அவர்களை வரவேற்று, முக்கிய பட்டினங்களில் ஆங்கிலப் பாடசாலை நடத்தினால் அரசாங்கம் உதவும் என்றார். அரசின் கையும் மிஷனின் கையும் இப்படி முதல்நாளிலேயே கோத்துக்கொண்டன. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. பிறகு ஆளுக்கொரு திசையாகப் பிரிந்தார்கள். லிஞ்சும் ஸ்குவான்சும் யாழ்ப்பாணம், எர்ஸ்கின் மாத்தறை, குளோ காலி. மனைவியை இழந்த ஓல்டுக்கு மட்டக்களப்பு, அதுவும் தனியாக. துணை தேவைப்பட்டவருக்கே துணை கிடைக்கவில்லை என்று எனக்குப் படுகிறது.

காலியிலிருந்து தோணியில் தென்கரையையும் கீழ்க்கரையையும் சுற்றி வந்தார். சோழகக் காற்றுக் காலம். பயணம் நினைத்ததைவிட நீண்டது. ஆகஸ்டில் புளியந்தீவில் கால் வைத்தபோதே உடம்பு தளர்ந்திருந்தது.

அன்றைய மட்டக்களப்பை இன்றைய நகரத்தை வைத்து நினைக்கக் கூடாது. கோட்டை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு வந்து இருபது வருடம் ஆகவில்லை. கல்லடிப் பாலம் இல்லை, பட்டிருப்புப் பாலம் இல்லை. எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்கு வர ஓடந்தான். என் ஊராகிய பழுகாமத்துக்குக் கோட்டையிலிருந்து ஒருவர் வருவதென்றால் வாவி வழியே தெற்கு நோக்கி நாள் முழுவதும் தண்டு வலிக்க வேண்டும். மேற்கே காட்டுக்கு அப்பால் கண்டி இராச்சியம் இன்னும் நின்றது.

இந்த இடத்தில் அவர் செய்தவை எல்லாம் சின்னச் சின்ன வேலைகள். தமிழ் எழுத்துப் படித்தார். கோட்டையில் இருந்த படையினருக்கும் உத்தியோகத்தருக்கும் ஆராதனை நடத்தினார். மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு தமிழருடன் பேசினார். நோயாளரைப் பார்க்கப் போனார். எல்லாவற்றிலும் மேலாகப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார். எட்டு மாதத்துக்குள் எட்டுப் பள்ளிக்கூடங்கள் என்று மிஷன் வரலாறு கணக்குச் சொல்கிறது. பெரிய கட்டடங்களை நினைக்க வேண்டாம். கிடுகுக் கொட்டில், மணலில் விரலால் எழுதும் பிள்ளைகள், ஓலையும் எழுத்தாணியும். தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சாகி நூறு வருடமாகியிருந்தாலும், இக்கரையில் அச்சுப் புத்தகம் அருமை. சுவிசேஷத்தின் பகுதிகளை ஓலையில் பெயர்த்தெழுதிக் கொடுப்பதே வழி.

பிள்ளைகளை அனுப்பியவர்கள் சைவப் பெற்றோர். அவர்களுக்கு வேண்டியது எழுத்தும் கணக்கும், முடியுமானால் கொஞ்சம் ஆங்கிலமும். போதகருக்கு வேண்டியது வேறு. இரு தரத்தாருக்கும் இது தெரிந்தே இருந்திருக்கும். ஆனாலும் பிள்ளை காலையில் வந்து உட்கார்ந்தது, அவர் வந்து படிப்பித்தார். எழுபத்தெட்டு வருடம் கழித்துக் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர்கூட கல்முனையில் மெதடிஸ்தப் பாடசாலையில் படித்தவர்தான். சுவாமிகள் பிறகு நடந்த வழி ஓல்ட் போதகர் கனவிலும் எண்ணாதது. அதனால் அந்தப் படிப்பித்தல் வீண் என்று யார் சொல்வார்கள்?

ஐப்பசியில் மாரி தொடங்கியது. இந்தப் பகுதியில் வேலை செய்த வைத்தியர் எவருக்கும் அந்த மாதங்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வாவி நிரம்பி வயலும் வளவும் ஒன்றாகும். வெள்ளம் வடியக் காய்ச்சலும் வயிற்றோட்டமும் வரும். நுளம்பினால் மலேரியா பரவுவதை ரொனால்ட் ரோஸ் கண்டுபிடித்தது 1897இல். குயினைனைப் பிரித்தெடுத்ததுகூட 1820இல்தான். சேலைன் இல்லை, இரத்தப் பரிசோதனை இல்லை. நோயாளரைப் பார்க்கப் போனவர் கையில் கொண்டுபோனது தன்னைத்தான். நான் இப்படி எழுதுவது அவரைத் தூக்கிப் பிடிக்க அல்ல. வாட்டில் இரவு வேலையில், செய்ய இனி ஒன்றும் இல்லாத ஒருவரின் கட்டில் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்த அனுபவம் எனக்கும் உண்டு. அது வேலையா, ஜெபமா என்று அந்த நேரத்தில் பிரித்துச் சொல்ல என்னால் முடிந்ததில்லை.

மாரி முடிந்தும் அவர் உடம்பு தேறவில்லை. 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி உடன்படிக்கை கைச்சாத்தாகி முழு இலங்கையும் ஆங்கிலேயர் வசமானது. நாடே அதைப் பேசிக்கொண்டிருந்த வேளையில், ஏப்ரல் 1ஆம் திகதி, ஓல்ட் போதகர் மட்டக்களப்பில் இறந்தார். ஒன்றாகப் புறப்பட்ட தோழர் ஒருவரும் அருகில் இல்லை.

கணக்குப் பார்க்கிறவர்களுக்கு இது தோல்விக் கணக்கு. பெரிய கூட்டமாக யாரும் சபையில் சேரவில்லை. மொழியைச் சரளமாகப் பேசுமளவுக்குக்கூட நாள் கிடைக்கவில்லை. அவரோடு இது முடிந்துபோயிருக்கலாம். அடுத்து வந்தவர்கள் முடிய விடவில்லை. அவர் தொடங்கிய ஆங்கிலப் பாடசாலையின் வழியில் மெதடிஸ்த மத்திய கல்லூரி தனது வயதை 1814இலிருந்து எண்ணுகிறது. வின்சென்ட் மகளிர் உயர்தரப் பாடசாலை 1820இலிருந்து எண்ணுகிறது. பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலத்தில் புளியந்தீவில் பெண்பிள்ளைகள் பலகையோடு உட்கார்ந்தார்கள். இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருந்து இம்மலரை வாசிக்கும் அக்காமாரும் தங்கைமாரும் அந்த வரிசையின் நீட்சி.

நாங்கள் விடுதியில் இருந்தது போர்க்காலம். பாலத்தில் சோதனை, படுவான்கரையிலிருந்து கடிதம் வர மாதமாகும். இரவில் ஷெல் சத்தம் கேட்டு மேசைக்குக் கீழே படுத்த நாட்களிலும் விடிய எழும்பும் மணி அடித்தது. முகம் கழுவி, பாய் சுருட்டி, முற்றம் கூட்டி, ஜெபத்துக்குப் போய் நின்றோம். அப்போது அந்த மணியை எவ்வளவு வெறுத்தேன்! வீட்டிலிருந்து செய்தி வராத கிழமைகளில் என்னை எழுப்பி நிறுத்தியது அந்த மணிதான் என்பது அன்று விளங்கவில்லை.

பழுகாமத்தில் எங்கள் அம்மம்மாவுக்கு ஓல்ட் போதகரைப் பற்றி ஒன்றும் தெரியாது. திரௌபதை அம்மன் கோவில் தீமிதிப்புக்குப் பேர்போன அந்த ஊரில் கிறிஸ்தவ வீடுகள் சிலவே. உலை வைக்கமுன் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து ரின்னில் போடுவார். வீட்டில் அரிசி குறைவான நாளிலும் அந்தப் பிடி குறையாது. மாத முடிவில் ரின் கோவிலுக்குப் போகும். புதன்கிழமை பின்னேரம் வீட்டு ஜெபக் கூட்டம். அதற்கு முன் சாணம் தெளித்து, பாய் உதறி, லாம்புச் சிம்னி துடைத்து வைப்பார். அந்தத் துடைப்பில் இருந்த கவனத்தைப் பிறகு நான் சத்திரசிகிச்சை அறைகளில்தான் கண்டேன்.

அம்மம்மா போய்ப் பல வருடமாகிறது. பிள்ளைகள் வெளிநாடு போக, முதியவர்கள் ஒவ்வொருவராகக் குறைய, புதன்கிழமைக் கூட்டத்தை இனி நிறுத்தினால் என்ன என்ற பேச்சு வந்தது. சென்ற விடுமுறையில் நான் போயிருந்தபோது நான்கு பேர் இருந்தோம். ஐந்தாவதாக அடுத்த வளவு மாமி வந்தார். அவர் சைவம், வந்தது பிரஷர் பார்க்க. ஜெபம் முடியும்வரை வாசற்படியில் இருந்துவிட்டு, முடிந்ததும் உள்ளே வந்து கையை நீட்டினார். வேதாகமம் இருந்த மேசையிலேயே கருவியை வைத்துக் கட்டிப் பார்த்தேன். கொஞ்சம் கூட இருந்தது. குளிசையை ஒழுங்காகப் போடச் சொல்லி, அடுத்த புதன்கிழமையும் இதே நேரம் வரச் சொன்னேன்.