கடலை எண்ணெயில் ஓடிய எஞ்சின்: ருடால்ஃப் டீசலின் வாழ்க்கையும் நம் பவர் டில்லரும்



கன்னிப்பூவானாலும் கும்பப்பூவானாலும் உழவு முதல் அறுவடை வரை டீசல் செலவு கையைக் கடிக்கிறது. நம் மாவட்டத்தில் ஏத்தங்காய் சிப்ஸ் போடும் கடைகளுக்குக் குறைவில்லை. அங்கே பொரித்து மிஞ்சும் தேங்காய் எண்ணெயை பவர் டில்லரில் ஊற்றினால் ஓடாதா என்று பயிற்சிகளில் பலர் கேட்கிறீர்கள். டீசல் எஞ்சினைக் கண்டுபிடித்தவரே அதைக் கடலை எண்ணெயில்தான் ஓட்டினார் என்று செல்போனில் வந்த செய்தியையும் காட்டுகிறீர்கள். அந்தச் செய்தியில் பாதி உண்மை. மீதிப் பாதி தெரியாமல் எண்ணெயை ஊற்றினால் எஞ்சின் கெடும். அதனால் அந்த மனிதரின் கதையை முதலில் தெரிந்துகொள்வோம்.

தள்ளுவண்டி தள்ளிய சிறுவன்

ருடால்ஃப் டீசல் 1858 மார்ச் 18 அன்று பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து பிழைப்புக்காகப் போனவர்கள். தந்தை தோல் பொருள் செய்யும் கைத்தொழிலாளி. செய்த பொருள்களைத் தள்ளுவண்டியில் வைத்து வீடு வீடாகக் கொண்டு கொடுப்பது மகனின் வேலை.

1870இல் பிரான்சுக்கும் ஜெர்மானியருக்கும் போர் மூண்டது. குடும்பம் பாரிஸை விட்டு லண்டனுக்குப் போக வேண்டியதாயிற்று. 12 வயதுச் சிறுவனை ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். படிப்பு அங்கே பிடித்துக்கொண்டது. உதவித்தொகையில் மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரி சேர்ந்து, 1880இல் மிக உயர்ந்த மதிப்பெண்ணோடு வெளியே வந்தார். அவருடைய ஆசிரியர் கார்ல் ஃபான் லிண்டே, குளிர்பதன இயந்திரத்தில் பெயர் பெற்றவர். அவரிடமே டீசல் வேலைக்கும் சேர்ந்தார்.

சிறிய தொழிலாளிக்கு ஒரு எஞ்சின்

அந்தக் காலத்தில் எஞ்சின் என்றால் நீராவி எஞ்சின். எரிக்கும் நிலக்கரியில் 100க்கு 10 பங்குகூடப் பெரும்பாலானவற்றில் வேலையாக மாறவில்லை. அதை வாங்கிப் போடப் பெரிய ஆலை முதலாளிகளால்தான் முடியும். பட்டறை வைத்திருக்கும் சிறிய தொழிலாளியும் வைத்துக்கொள்ளக்கூடிய, குறைந்த எரிபொருளில் ஓடும் எஞ்சின் வேண்டும் என்று டீசல் நினைத்தார். தந்தையின் பட்டறையைப் பார்த்து வளர்ந்தவர் அல்லவா.

அவர் எடுத்த வழி எளிமையானது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை நீங்கள் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். காற்றை அழுத்தினால் சூடாகும். அதைவிடப் பல மடங்கு அழுத்தி, அந்தச் சூட்டில் எரிபொருளைத் தெளித்தால் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். இன்றைக்கும் உங்கள் டில்லர் ஓடுவது இந்த முறையில்தான்.

1892இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1893 ஆகஸ்ட் 10 அன்று ஆக்ஸ்பர்க் ஆலையில் முதல் சோதனை நடந்தது. சிலிண்டருக்குள் வெடித்த வேகத்தில் அழுத்தம் காட்டும் கருவி சிதறிப் பறந்தது. அவர் தப்பியது அதிர்ஷ்டம். மேலும் மூன்றரை ஆண்டு பாடுபட்டு, 1897 பிப்ரவரியில் 20 குதிரைத்திறன் எஞ்சினை ஓட்டிக் காட்டினார். எரிபொருளில் 100க்கு 26 பங்கு வேலையாக வந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது.

கடலை எண்ணெய்க் கதை

1900இல் பாரிஸில் உலகக் கண்காட்சி நடந்தது. அங்கே ஓட்டோ நிறுவனம் வைத்திருந்த ஒரு சிறிய டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியது. கேட்டுக்கொண்டது பிரெஞ்சு அரசு. ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் நிலக்கடலை நிறைய விளைந்தது. அதைக் கொண்டே அங்கே எஞ்சின் ஓட்ட முடியுமா என்று பார்க்க விரும்பினார்கள். எஞ்சின் எந்த மாற்றமும் இல்லாமல் ஓடியதால், வேறு எண்ணெய் என்று பார்த்தவர்களில் சிலருக்கே தெரிந்ததாம்.

ஆக, டீசல் தன் எஞ்சினைக் கடலை எண்ணெய்க்காகவே உருவாக்கவில்லை. நிலக்கரித் தூளையும் கல்லெண்ணெயையும்தான் முதலில் எண்ணியிருந்தார். ஆனால் தாவர எண்ணெயின் அருமையை அவர் உணர்ந்தார். பின்னாளில் தாமும் சோதித்துப் பார்த்தார். இன்று அது சிறிய விஷயமாகத் தெரிந்தாலும் ஒருநாள் கல்லெண்ணெய்க்கு ஈடாக நிற்கும் என்று 1912இல் எடுத்துச் சொன்னார். அவருடைய முதல் சோதனை நடந்த ஆகஸ்ட் 10ஐத்தான் நம் நாட்டில் உயிரி எரிபொருள் நாளாகக் கடைப்பிடிக்கிறோம்.

கடலில் முடிந்த வாழ்க்கை

புகழ் வந்தது, பணமும் வந்தது. இரண்டும் நிலைக்கவில்லை. காப்புரிமை வழக்குகள் அலைக்கழித்தன. உடல்நலம் கெட்டது. நிலத்திலும் எண்ணெய்க் கிணறுகளிலும் போட்ட பணம் மூழ்கியது. 1913 செப்டம்பர் 29 மாலை, இங்கிலாந்து செல்ல டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார். இரவு சாப்பிட்டுவிட்டு, காலையில் எழுப்பச் சொல்லிவிட்டு அறைக்குப் போனார். காலையில் அறையில் ஆள் இல்லை. மேல்தளத்தில் தொப்பியும் மேலங்கியும் மட்டும் இருந்தன. சில நாள் கழித்துக் கடலில் கிடைத்த உடலிலிருந்து எடுத்த பொருள்களை மகன் அடையாளம் காட்டினார். வயது 55. எண்ணெய் முதலாளிகள் கொன்றார்கள் என்ற கதைக்கு இதுவரை ஆதாரம் இல்லை.

அன்று ஓடியது இன்று ஓடுமா?

டீசல் காலத்து எஞ்சின் மெதுவாகச் சுற்றியது. எரிபொருளை அழுத்தக் காற்றால் ஊதித் தெளித்தது. கெட்டியான எண்ணெயையும் அது தாங்கியது. இன்றைய டில்லரில் ஊசிமுனை போன்ற நாசில் துளை வழியாகப் பம்பு தெளிக்கிறது. தாவர எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்குக்கும் மேல் கெட்டியானது. சரியாகச் சிதறாது, முழுதாக எரியாது. நாசிலில் கரி படியும், பிஸ்டன் ரிங் ஒட்டும், எஞ்சின் ஆயில் கூழாகும். முதல் நாள் நன்றாகவே ஓடும். கேடு தெரிய வாரங்கள், மாதங்கள் ஆகும். அதற்குள் செலவு கைமீறியிருக்கும்.

பொரித்த எண்ணெய் இன்னும் மோசம். அதில் தூள், தண்ணீர், அமிலம் எல்லாம் இருக்கும். தேங்காய் எண்ணெய் மார்கழிக் காலையில் உறைந்து ஃபில்டரையும் அடைத்துவிடும்.

நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு விவசாயி புன்னை எண்ணெயில் பம்பு செட்டை ஓட்டிக் காட்டியது உண்மை. மெதுவாக ஓடும் பழைய எஞ்சினில், பொரிக்காத, வடிகட்டிய எண்ணெயில் அது நடக்கும். கடன் வாங்கி எடுத்த புது டில்லரில் முயல வேண்டாம். வாரண்டியும் போய்விடும்.

அப்படியென்றால் பழைய எண்ணெய் வீணா?

இல்லை. அதை மெத்தனாலோடு சேர்த்து வினைப்படுத்தி, கிளிசரினைப் பிரித்தெடுத்தால் பயோடீசல் கிடைக்கும். அது டீசலைப் போல இளகியது. ஆனால் மெத்தனால் விஷம், எளிதில் தீப்பிடிக்கும். கண் பார்வையையும் உயிரையும் பறிக்கும். வீட்டிலோ களத்திலோ இதைச் செய்யவே கூடாது.

இதற்காகவே இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் ரூகோ என்ற திட்டத்தைத் தொடங்கியது. நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்தும் கடைகள் கணக்கு வைத்து, மிஞ்சியதை அங்கீகரிக்கப்பட்ட சேகரிப்பாளரிடம் கொடுக்க வேண்டும். அது பயோடீசல் ஆலைக்குப் போகும். உங்கள் வீட்டில் யாராவது சிப்ஸ் தொழில் செய்தால் இந்த வழியைப் பயன்படுத்துங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

- டில்லர், டிராக்டர், புது பம்பு செட்டில் எந்தச் சமையல் எண்ணெயையும் ஊற்றாதீர்கள். டீசலில் கலந்தும் ஊற்றாதீர்கள்.
- ஏற்கெனவே ஊற்றியிருந்தால் டேங்கைக் காலி செய்து, ஃபில்டரையும் எஞ்சின் ஆயிலையும் மாற்றி, நாசிலை மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.
- ஏர் ஃபில்டரைச் சுத்தமாக வையுங்கள். பம்பு செட்டில் ஃபுட் வால்வு கசிவையும் பெல்ட் தளர்வையும் சரி செய்யுங்கள். டீசல் மிச்சமாகும் வழி இதுதான்.
- பயோடீசல் வாங்கினால் முறையான விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள். பழைய ரப்பர் குழாய்களை அது இளக்கிவிடும் என்பதால் முதலில் அவற்றைச் சரிபாருங்கள்.

சிறிய தொழிலாளியின் கையில் எஞ்சின் இருக்க வேண்டும் என்று டீசல் ஆசைப்பட்டார். இன்று அது உங்கள் வயலில் நிற்கிறது. சந்தேகம் இருந்தால் எண்ணெயை ஊற்றும் முன் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ வேளாண் பொறியியல் துறை அலுவலகத்திலோ ஒரு வார்த்தை கேளுங்கள்.