பாடம் 14: கூர் தீட்டிய மெஷின் – கிங் ஜில்லெட்டின் வாழ்க்கை

உங்க பென்சில் ஷார்ப்னரை எடுத்துப் பாருங்க. அதில் ஒரு சின்ன பிளேடு இருக்கும். அதைத் தொட வேண்டாம். பார்த்தால் போதும்! அந்தப் பிளேடின் ஒரு பக்க விளிம்பு மட்டும் சரிவாக இருக்கும், பளபள என்று மின்னும். அந்தச் சரிவு தானாக வரவில்லை. ஒரு மெஷின் அதைச் சாணைக்கல்லில் தேய்த்துக் கூர்மையாக்கி இருக்கிறது.

அப்பாவோ மாமாவோ தாத்தாவோ சவரம் பண்ணும் ரேசரிலும் இப்படிப் பிளேடு உண்டு. கூர் போனால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதுசு எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பழக்கத்தை உலகத்துக்குக் கொண்டு வந்தவர் கிங் ஜில்லெட். ஆனால் அவர் நினைத்த பிளேடைச் செய்ய அப்போது ஒரு மெஷினும் இல்லை. அதனால் அவர் பல வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் கதையைத்தான் இப்போ படிக்கப் போறோம்.

சிறு வயது

கிங் ஜில்லெட் 1855ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் தேதி அமெரிக்காவில் பிறந்தார். அவர் பிறந்தது விஸ்கான்சின் மாநிலத்தில். பிறகு குடும்பம் சிகாகோ நகரத்துக்குக் குடிபோனது. 'கிங்' என்றால் ராஜா. ஆனால் அவர் ராஜா வீட்டுப் பிள்ளை இல்லை. அப்பா இரும்புச் சாமான் வியாபாரம் செய்தார். அம்மா நன்றாகச் சமைப்பார். பின்னாளில் அவர் எழுதிய சமையல் புத்தகம் பல வீடுகளுக்குப் போனது.

1871ஆம் ஆண்டு சிகாகோ நகரத்தில் பெரிய தீ பிடித்தது. ஆயிரக்கணக்கான வீடுகளும் கடைகளும் எரிந்து போயின. ஜில்லெட்டின் அப்பாவுடைய வியாபாரமும் அதில் போய்விட்டது. அப்போது ஜில்லெட்டுக்கு வயது 16. அவர் வேலைக்குப் போக ஆரம்பித்தார். ஊர் ஊராகப் போய்ச் சாமான் விற்கும் வேலை செய்தார். ஓய்வு கிடைத்தால் ஏதாவது புதுப் பொருள் செய்து பார்ப்பார். சிலவற்றுக்குக் காப்புரிமையும் வாங்கினார். ஆனால் எதிலும் பெரிய பணம் வரவில்லை.

சோடா மூடி சொல்லித் தந்த பாடம்

பிறகு ஜில்லெட் ஒரு மூடிக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். சோடா பாட்டிலின் தலையில் ஒரு தகர மூடி இருக்கும், பார்த்திருக்கீங்களா? அதைக் கண்டுபிடித்தவர் வில்லியம் பெயின்டர். அவர்தான் அந்தக் கம்பெனியை நடத்தினார். பாட்டிலைத் திறந்ததும் மூடியைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அடுத்த பாட்டிலுக்கு வேறு மூடி வேணும். அதனால் மூடி விற்றுக்கொண்டே இருக்கும்.

நீயும் இப்படி ஒரு பொருளைக் கண்டுபிடி என்று பெயின்டர் ஜில்லெட்டிடம் சொன்னார். மக்கள் ஒரு தடவை வாங்கி, பயன்படுத்திவிட்டு, மறுபடியும் வந்து வாங்கணும். ஜில்லெட் இதையே யோசித்துக்கொண்டு இருந்தார்.

கண்ணாடி முன்னால் ஒரு காலை

அந்தக் காலத்தில் ஆண்கள் நீளமான சவரக்கத்தியால் சவரம் பண்ணுவார்கள். அதன் முதுகு தடிமனாக இருக்கும். முனை மட்டும் மெல்லியதாக இருக்கும். தினமும் அதைத் தோல்வாரில் இழுத்துத் தீட்டணும். ரொம்ப மழுங்கிப் போனால் சாணை பிடிக்கக் கொடுக்கணும். கை கொஞ்சம் தவறினால் கன்னம் வெட்டுப்படும்!

1895ஆம் ஆண்டு ஒரு நாள் காலை ஜில்லெட் சவரம் பண்ணக் கண்ணாடி முன்னால் நின்றார். கத்தி மழுங்கிப் போயிருந்தது. அப்போது அவருக்கு ஒரு யோசனை வந்தது. கத்தியில் வேலை செய்வது அந்த மெல்லிய விளிம்பு மட்டும்தானே? அப்புறம் எதற்கு இவ்வளவு கனமான இரும்பு? ஒரு மெல்லிய எஃகுத் தகட்டின் இரண்டு பக்கமும் கூர் வைத்தால் போதும். அதைப் பிடிக்க ஒரு கைப்பிடி இருந்தால் போதும். மழுங்கினால் தகட்டைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

அவருக்கு ஒரே சந்தோஷம். உடனே கடைக்குப் போனார். கடிகாரச் சுருளுக்குப் பயன்படும் எஃகுப் பட்டையும், கொஞ்சம் பித்தளையும், அரமும் வாங்கி வந்தார். தன் கையாலேயே ஒரு மாதிரி செய்தார். இனி நாம் பணக்காரர்தான் என்று வெளியூர் போயிருந்த மனைவிக்குக் கடிதம் எழுதினார்.

ஏன் முடியாது என்றார்கள்?

ஜில்லெட் கத்தி செய்பவர்களிடம் போனார். பட்டறைக்காரர்களிடம் போனார். பாஸ்டன் நகரத்தில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் என்ற பெரிய கல்லூரி இருந்தது. அங்கே இருந்த அறிஞர்களிடமும் கேட்டார். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். இது நடக்காது, விட்டுவிடு என்றார்கள்.

அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஏன் என்று பார்ப்போம்.

முதல் காரணம், சூடு. கூர் நிலைத்து நிற்க எஃகு ரொம்பக் கடினமாக இருக்கணும். அதற்காக எஃகைச் சிவக்கச் சிவக்கச் சூடாக்கி, சட்டென்று குளிர வைப்பார்கள். தடிமனான கத்திக்கு இது சரி. மெல்லிய தகட்டுக்கு என்ன ஆகும்? அம்மா எண்ணெயில் அப்பளம் போடுவதைப் பார்த்திருப்பீங்க. அது நாலு பக்கமும் நெளியும், இல்லையா? மெல்லிய தகடும் அப்படித்தான் நெளிந்து போகும்.

இரண்டாவது காரணம், கல். நெளிந்த தகட்டைச் சாணைக்கல்லில் வைத்தால், மேடான இடம் மட்டும் தேயும். பள்ளமான இடம் தேயாது. தகடு நேராக இருந்தாலும் கஷ்டம்தான். அதன் கனம் 0.15 மில்லிமீட்டர். நம்ம நோட்டுப் புத்தகத்தில் இரண்டு தாள் சேர்த்தால் இதைவிடக் கனமாக இருக்கும்! கல் அழுத்தியதும் தகடு வளைந்துகொள்ளும். தேய்க்கும்போது வரும் சூட்டினால் எஃகின் கடினமும் குறைந்துவிடும்.

மூன்றாவது காரணம், விலை. நல்ல தொழிலாளி ஒருவர் ரொம்ப நேரம் உட்கார்ந்து ஒரு பிளேடைத் தீட்டிவிடலாம். ஆனால் அவருக்குக் கூலி கொடுத்தால் பிளேடின் விலை ஏறிவிடும். விலை கூடின பொருளை யார் தூக்கிப் போடுவார்கள்? அதனால் கையால் தீட்டினால் பயன் இல்லை. ஆயிரம் பிளேடானாலும் ஒரே மாதிரி தீட்டும் மெஷின் வேணும். அப்படி ஒரு மெஷின் உலகத்தில் எங்கேயும் இல்லை.

ஜில்லெட்டுக்கு மெஷின் செய்யத் தெரியாது. அவர் விற்பனைக்காரர்தானே! ஆனாலும் அவர் யோசனையை விடவில்லை. மூடிக் கம்பெனி வேலையைப் பார்த்துக்கொண்டே, ஏறக்குறைய ஆறு வருஷம் ஆளைத் தேடி அலைந்தார்.

மெஷின் செய்ய வந்தவர்

கடைசியில் நண்பர்கள் மூலமாக வில்லியம் நிக்கர்சன் என்பவர் கிடைத்தார். முடியாது என்று சொன்ன அதே கல்லூரியில் படித்தவர்தான் அவர். மின்தூக்கிக்கான பாதுகாப்புச் சாதனங்களை அதற்கு முன்பே வடிவமைத்திருந்தார். ஜில்லெட்டின் மாதிரியைப் பார்த்ததும் அவர் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. சில வாரம் நன்றாக யோசித்தார். பிறகுதான் என்னால் முடியும் என்றார்.

1901ஆம் ஆண்டு பாஸ்டனில் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். மீன் கடைக்கு மேலே இருந்த மாடிதான் முதல் தொழிற்சாலை! அங்கே நிக்கர்சன் தன் வேலையை ஆரம்பித்தார். அவர் பிளேடைச் செய்யவில்லை. பிளேடைச் செய்யும் மெஷினைச் செய்தார். இந்த வித்தியாசத்தைக் கவனிங்க. பிளேடு ஒரு நாளில் மழுங்கலாம். மெஷின் மழுங்காமல், தவறாமல் வேலை செய்யணும்.

முதலில் நெளிவுக்கு வழி கண்டார். தகட்டை நெளிய விடாமல் வைத்துக்கொண்டு சூடாக்கி, குளிர வைக்கும் முறையை உருவாக்கினார். அடுத்தது கூர். கூர் தீட்டும் மெஷின் நாலு வேலையைச் சரியாகச் செய்யணும்.

ஒன்று, தகட்டை ஆடாமல் பிடிக்கணும். விளிம்பு மட்டும் கொஞ்சம் வெளியே தெரியணும். அப்போதுதான் கல் அழுத்தினாலும் தகடு வளையாது.

இரண்டு, ஒவ்வொரு பிளேடும் கல்லை ஒரே சாய்வில் தொடணும். சாய்வு கூடினால் விளிம்பு மொட்டையாகும். சாய்வு குறைந்தால் விளிம்பு ரொம்ப மெலிந்து சீக்கிரம் உடைந்து போகும்.

மூன்று, தகடு சூடாகாமல் பார்த்துக்கொள்ளணும். அதற்காகக் கல்லில் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும்.

நாலு, படிப்படியாகத் தேய்க்கணும். முதலில் சொரசொரப்பான கல், பிறகு நைசான கல், கடைசியில் தோல். நம்ம ஊர்த் தச்சர் மரத்தை முதலில் இழைப்புளியால் இழைத்து, அப்புறம் உப்புத்தாளால் தேய்ப்பாரே, அது மாதிரி.

இதெல்லாம் படிக்கச் சுலபமாக இருக்கு. செய்வது சுலபமாக இல்லை. மெஷின் தயாராகும் முன்னே கையில் இருந்த பணம் தீர்ந்துவிட்டது. கம்பெனிக்கு 12,500 டாலர் கடன். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும். அப்போது ஜான் ஜாய்ஸ் என்ற பாஸ்டன் வியாபாரி முதலீடு செய்ய முன்வந்தார். வேலை தொடர்ந்தது.

கம்பெனிக்கு ஜில்லெட்டின் பெயரை வைத்தார்கள். நிக்கர்சன் பெயரை ஏன் வைக்கவில்லை தெரியுமா? ஆங்கிலத்தில் 'நிக்' என்றால் சின்ன வெட்டுக்காயம். சவரம் பண்ணும் சாமானுக்கு அந்தப் பெயர் இருந்தால் யார் வாங்குவார்கள்? வேடிக்கையாக இப்படிச் சொல்வது உண்டு.

51 ரேசர்

1903ஆம் ஆண்டு விற்பனை தொடங்கியது. அந்த வருஷம் முழுவதும் விற்றது எவ்வளவு? 51 ரேசர், 168 பிளேடு. அவ்வளவுதான்! ஆனால் அடுத்த வருஷம் 90,000 ரேசருக்கு மேல் விற்றது. 1904ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஜில்லெட்டுக்குக் காப்புரிமையும் கிடைத்தது. ஒரு ரேசரின் விலை 5 டாலர். ஆனால் 20 பிளேடு ஒரு டாலருக்கே கிடைத்தது. மெஷின் தீட்டியதால்தான் அவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுக்க முடிந்தது.

முதல் உலகப் போர் வந்தது. அமெரிக்க அரசு தன் போர்வீரர்களுக்காக 35 லட்சம் ரேசரும், 3 கோடியே 60 லட்சம் பிளேடும் வாங்கியது. முகத்தில் தாடி இருந்தால் விஷவாயுவைத் தடுக்கும் முகமூடி சரியாக ஒட்டாது. அதனால் வீரர்கள் தினமும் சவரம் பண்ண வேண்டியிருந்தது. போர் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அவர்கள் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

பிற்காலம்

பிளேடு சுற்றிய தாளில் ஜில்லெட்டின் படம் இருந்தது. பெரிய மீசை வைத்த முகம். அந்தத் தாள் பல நாடுகளுக்குப் போனது. அதனால் அவர் முகம் உலகம் முழுவதும் தெரிந்த முகம் ஆனது.

ஜில்லெட்டுக்கு இன்னொரு கனவும் இருந்தது. எல்லா மக்களும் போட்டி இல்லாமல் ஒன்றாக வேலை செய்யணும் என்று அவர் நினைத்தார். நயாகரா அருவியின் சக்தியில் இயங்கும் ஒரே பெரிய நகரத்தில் மக்கள் வாழலாம் என்று 1894ஆம் ஆண்டிலேயே ஒரு புத்தகம் எழுதினார். அந்தக் கனவு நிறைவேறவில்லை.

கம்பெனியில் பங்காளிகளுடன் சண்டையும் வந்தது. 1929ஆம் ஆண்டு அமெரிக்காவில் பங்குச் சந்தை விழுந்தது. அதன் பிறகு ஜில்லெட்டின் செல்வத்தில் பெரும்பகுதி போய்விட்டது. 1932ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் தேதி அவர் கலிபோர்னியாவில் காலமானார். நிக்கர்சன் அதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே காலமாகிவிட்டார்.

இன்றைக்கு ஜில்லெட்டின் பெயர் கடை கடையாகத் தெரிகிறது. நிக்கர்சன் பெயரைக் கேட்டவர்கள் குறைவு. ஜில்லெட் யோசிக்காமல் இருந்திருந்தால் நிக்கர்சனுக்கு அந்த வேலையே வந்திருக்காது. நிக்கர்சன் மெஷின் செய்யாமல் இருந்திருந்தால் ஜில்லெட்டின் யோசனை அவர் வீட்டு மேசையிலேயே கிடந்திருக்கும். அடுத்த தடவை ஒரு சின்னப் பொருளைக் கையில் எடுக்கும்போது, இதைச் செய்த மெஷினைச் செய்தவர் யார் என்றும் கேட்டுப் பாருங்க.

சொற்பொருள்

சாணைக்கல் – கத்தியைக் கூர்மையாக்கும் கல்
தோல்வார் – கத்தி தீட்டும் நீளமான தோல் பட்டை
விளிம்பு – ஓரம்
எஃகு – உறுதியான இரும்பு வகை
தகடு – தட்டையான மெல்லிய உலோகம்
மழுங்குதல் – கூர் குறைதல்
காப்புரிமை – கண்டுபிடித்தவருக்கு அரசு தரும் உரிமை
முதலீடு – தொழிலில் போடும் பணம்

விடை சொல்லுங்க

1. வில்லியம் பெயின்டர் ஜில்லெட்டிடம் என்ன சொன்னார்?
2. சூடாக்கிய மெல்லிய தகடு ஏன் அப்பளம் மாதிரி என்று சொல்கிறோம்?
3. பிளேடைக் கையால் தீட்டினால் ஏன் பயன் இல்லை?
4. கூர் தீட்டும் மெஷின் செய்ய வேண்டிய நாலு வேலைகளை வரிசையாகச் சொல்லுங்க.
5. ஜில்லெட், நிக்கர்சன் இருவரில் யார் செய்தது கடினம் என்று நினைக்கிறீங்க? ஏன்?

பேச்சுத் தமிழ் – எழுத்துத் தமிழ்

எழுத்துத் தமிழில் எழுதுங்க. எடுத்துக்காட்டு: பாருங்க – பாருங்கள்.
வேணும் – ______
படிக்கப் போறோம் – ______
பிடிக்கணும் – ______
சுலபமாக இருக்கு – ______

செய்து பாருங்க

ஒரு தாளின் ஓரத்தை மட்டும் பிடித்துத் தூக்குங்க. மறுபக்கம் தொங்கிவிடும். இப்போ பிடித்த ஓரத்தைக் கொஞ்சம் வளைத்துப் பிடிங்க. தாள் விறைப்பாக நிற்கும். ஜில்லெட்டின் ரேசரும் மெல்லிய பிளேடை இப்படித்தான் கொஞ்சம் வளைத்துப் பிடித்தது. ஏன் என்று இப்போ உங்க நண்பருக்குத் தமிழில் விளக்குங்க.