மைக்கேல் பாரடே

இலண்டன் மாநகரை அடுத்த நியூவிங்டன் என்னும் ஊரில், வறிய கொல்லர் ஒருவரின் மகனாக, 1791ஆம் ஆண்டு மைக்கேல் பாரடே தோன்றினார். எழுத்தும் எண்ணும் ஓரளவு கற்றதோடு அவரது பள்ளிப்படிப்பு நின்றது. பதினான்காம் அகவையில் நூல் கட்டும் கடையொன்றில் தொழில் பயிலச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த நூல்களை ஆர்வத்தோடு கற்றார். அவற்றுள் மின்சாரம் பற்றிய பகுதி அவர் உள்ளத்தைக் கவர்ந்தது.

1812ஆம் ஆண்டு ஆம்பிரி டேவி என்னும் பேரறிஞரின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அவற்றை நூலாகக் கட்டி அவருக்கே அனுப்பினார். அதன் பயனாக, மறு ஆண்டில் இராயல் நிறுவனத்தில் டேவியின் உதவியாளரானார்.

மின்னோட்டம் காந்தத்தன்மையை உண்டாக்கும் என்பதை 1820இல் ஏர்ஸ்டெடு என்னும் அறிஞர் கண்டறிந்தார். அங்ஙனமாயின், காந்தத்தால் மின்னோட்டத்தை உண்டாக்க இயலாதோ என்று பாரடே எண்ணினார். ஆண்டுகள் பல முயன்றும் பயன் கிட்டவில்லை. எனினும் அவர் ஊக்கம் தளரவில்லை.

இரும்பு வளையம் ஒன்றில் இரு செப்புக் கம்பிச் சுருள்களைத் தனித்தனியே அமைத்து, அவை ஒன்றையொன்று தொடாதபடி துணியாலும் நூலாலும் காப்பிட்டார். 1831 ஆகஸ்டு 29ஆம் நாள், முதற்சுருளை மின்கலத்தோடு இணைத்தார். அக்கம்பி வழியே மின்சாரம் ஓடிற்று. இவ்வாறு தொடர்ந்த பாதை வழியே மின்சாரம் செல்லுதல் மின்கடத்தல் எனப்படும். கம்பி அறுந்தால் ஓட்டமும் நின்றுவிடும்.

ஆனால், மின்கலத்தோடு தொடர்பே இல்லாத இரண்டாம் சுருளின் கம்பிக்கு அருகே இருந்த காந்த ஊசியும் அசைந்தது! அசைந்த ஊசி உடனே ஓய்ந்தது. மின்கல இணைப்பை நீக்கிய நொடியில் எதிர்ப்புறமாக மீண்டும் அசைந்தது. இடையில், முதற்சுருளில் மின்னோட்டம் ஒரே சீராக ஓடியபோது, ஊசி அசையவே இல்லை. காந்தவிசை மாறும்பொழுது மட்டுமே அடுத்த சுருளில் மின்னோட்டம் எழும் என்னும் உண்மை இதனால் புலனாயிற்று. இதுவே மின்தூண்டல். கடத்தலுக்கு வேண்டுவது தொடர்பு. தூண்டலுக்கு வேண்டுவது மாற்றம்.

நீலகிரியில் 1932இல் பைகாரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அங்கே நீர்விசையால் சுழன்ற பொறிகள் தூண்டலால் மின்சாரத்தை ஆக்கின. கம்பிகள் கடத்தலால் அதனைக் கோவைக்குக் கொண்டு சென்றன. சென்னைக்கு மேற்கேயுள்ள ஐயப்பன்தாங்கலின் தெருக்களில் நிற்கும் மின்மாற்றிகளும் பாரடேயின் வளையத்தின் வழித்தோன்றல்களே. திசை மாறி மாறி ஓடும் மின்னோட்டம், தொடாத சுருளிலும் இடையறாது மின்சாரத்தைத் தூண்டுகிறது. அங்கிருந்து கம்பிகள் அதனை வீடுதோறும் சேர்க்கின்றன.

அரசு தர முன்வந்த சர் பட்டத்தையும் ஏலாது எளிய வாழ்வு வாழ்ந்த பாரடே, 1867ஆம் ஆண்டு மறைந்தார். ஒரு நொடியே அசைந்த ஊசியைப் புறக்கணியாது நோக்கிய அவரது கூரிய பார்வை, உலகுக்கு ஒளி தந்தது.