நவா ஊர்க் கடைக்காரரின் மகன்

இன்று ரொக்கம், நாளை கடன் என்று கடைகளில் பலகை தொங்கவிடுவது நம்மவர் வழக்கம். அந்த நாளை வராது என்பது கடன் கேட்பவருக்கும் தெரியும். ஆனால் ஓதவேண்டியதையும் எழுதவேண்டிய கணக்கையும் நாமே நாளைக்கென்று தள்ளும்போது அது நமக்குத் தெரிவதில்லை. நாற்பதைத் தாண்டிய எனக்கு, இமாம் நவவி (ரஹ்) அவர்களின் சரிதையைப் படிக்கும்போதெல்லாம் இந்தப் பலகைதான் ஞாபகத்துக்கு வருகிறது. அவர்களும் கடைக்காரர் வீட்டுப் பிள்ளையே.

யஹ்யா என்னும் இயற்பெயருடைய இமாமவர்கள் ஹிஜ்ரி 631-ல் (கி.பி. 1233) ஷாம் தேசத்தில் திமிஷ்குக்குத் தெற்கேயுள்ள நவா என்ற சிற்றூரில் பிறந்தார்கள். தகப்பனார் ஷரஃப் அவர்கள் சிறுவயதிலேயே மகனைக் கடையில் உட்கார வைத்தார். பையனோ வியாபாரத்தின் நடுவிலும் குர்ஆனை விடவில்லை. கல்லாவில் இருந்துகொண்டு ஓதும் பிள்ளையைக் கண்டால் நம்மில் பலருக்குக் கோபம் வரும். அந்தத் தகப்பனார் குர்ஆனை மனனம் செய்ய வழிவிட்டு, 649-ல் தாமே மகனைத் திமிஷ்குக்கு அழைத்துப் போனார்.

அங்கே ரவாஹிய்யா மதுரஸாவில் தங்கல். மதுரஸா கொடுத்த உணவே ஆகாரம். தன்பீஹ் என்னும் ஃபிக்ஹு கிதாபை நாலரை மாதத்தில் மனனம் செய்தார்கள். ஃபிக்ஹு, ஹதீஸ், இலக்கணம் என்று தினம் 12 பாடங்கள் உஸ்தாதுகளிடம் ஓதி, ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதினார்கள். தெருவில் நடக்கும்போதும் பாடத்தை மனத்தில் திருப்பிப் பார்ப்பார்கள். தூக்கம் மேலிட்டால் கிதாபுகளின்மேல் சற்றே சாய்ந்து எழுந்துவிடுவார்கள். தூக்கம் வருமென்று வெள்ளரிக்காயைக்கூட ஒதுக்கினார்கள்! இத்தனை கடுமை பெண்டு பிள்ளை உடையவர்களுக்கு ஆகாது என்பது என் அபிப்பிராயம். இமாமவர்கள் மணமுடிக்கவில்லை.

ஆனால் வேறொன்று நமக்கும் ஆகும். ஒருமுறை வைத்தியம் படிக்க எண்ணி இப்னு சீனாவின் கானூன் கிதாபை விலைக்கு வாங்கினார்கள். அது வந்ததிலிருந்து மனம் இருண்டு, சில நாட்கள் ஒரு வேலையும் ஓடவில்லை. காரணத்தை யோசித்துப் பார்த்து, உடனே அதை விற்றுவிட்டார்கள். பழைய பாடங்கள் திரும்பவும் நடந்தன. விற்கவேண்டிய கானூன் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

665-ல் அஷ்ரஃபிய்யா தாருல் ஹதீஸின் தலைமை கிடைத்தது, சம்பளம் வாங்கவில்லை. மலாய் நாட்டிலும் நம் ஷாஃபியீ மதுரஸாக்களிலும் ஓதப்படும் மின்ஹாஜை 669-லும், ரியாளுஸ் ஸாலிஹீனை மறு வருஷத்திலும் முடித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமுக்கு விரிவுரையும் எழுதினார்கள். எழுதியது போதாதென்று தோன்றினால் தயவு காட்டுவதில்லை. சுமார் ஆயிரம் கட்டுக் காகிதங்களைக் கழுவி அழித்துவிடுமாறு மாணவர் இப்னுல் அத்தாரிடம் ஒப்படைத்ததாகச் சொல்வார்கள்.

662-ல் தொடங்கிய மஜ்மூஉ என்னும் பெருங்கிதாபு மட்டும் வட்டியைப் பற்றிய பாடத்தோடு நின்றது. பின்னால் தகிய்யுத்தீன் சுபுகீ அவர்கள் அதைத் தொடர்ந்து எழுதினார்கள். அவர்களாலும் முடிக்க இயலவில்லை.

676-ல் இமாமவர்கள் திமிஷ்கை விட்டுப் புறப்படுமுன் வக்ஃபு நூலகங்களில் இரவல் வாங்கிய கிதாபுகளையெல்லாம் திருப்பிக் கொடுத்தார்கள். உஸ்தாதுமார்களின் கபுருகளை ஜியாரத்துச் செய்து, உயிரோடிருந்த தோழர்களிடம் விடைபெற்றுக்கொண்டார்கள். பைத்துல் முகத்தஸைத் தரிசித்து நவாவுக்குத் திரும்பியபின் நோயுற்று, அவ்வருஷம் ரஜபு மாதம் தகப்பனார் வீட்டிலேயே வபாத்தானார்கள். அப்போது வயது 45. தகப்பனார் அப்போதும் உயிரோடிருந்தார்.