மாதச் சம்பளம் தந்த பட முதலாளி

முதலாளி என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்கும் தோழர்களே! இன்று ஒரு முதலாளியின் கதையைச் சொல்லப் போகிறோம். திகைக்க வேண்டாம். மாலை சூட்ட வரவில்லை, கணக்குப் பார்க்க வந்திருக்கிறோம்.

தறிச் சத்தம் ஓயாத திருச்செங்கோட்டில் 1907-ல் பிறந்தவர் டி.ஆர். சுந்தரம். இங்கிலாந்து சென்று ஜவுளித் தொழில் கற்றார். ஆங்கிலப் பெண்ணொருத்தியை மணந்தார். கடல் கடந்தாலே தீட்டு என்று வைதீகர்கள் வாய் கூசாமல் பேசிய காலம் அது!

ஊர் திரும்பியவர் படத்தொழிலில் கூட்டுச் சேர்ந்தார். தமிழ்ப் படம் எடுக்கக் கல்கத்தாவுக்கு இரயிலேற வேண்டிய நாட்கள் அவை. செலவு அங்கே, கூலி அங்கே, நம் ஊருக்கு வருவதோ வெறும் படச்சுருள்! ஏன் இந்த அலைச்சல் என்று எண்ணினார். சேலத்தில், ஏற்காடு சாலையில் எழுந்தது மாடர்ன் தியேட்டர்ஸ்.

1937-ல் முதற்படம் சதி அகல்யா. 1938-ல் மலையாளத்தின் முதற் பேசும் படம் பாலன். 1956-ல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் அலிபாபாவும் 40 திருடர்களும். 1961-ல் மலையாளத்தின் முதல் வண்ணப்படம். சென்னையல்ல, சேலம் செய்த சாதனை!

எப்படி முடிந்தது? இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும். படம் தொடங்கினால் கூலி, முடிந்தால் வீதி — இதுதான் படத்தொழிலாளியின் பொதுவான விதி. சுந்தரமோ நடிகர், எழுத்தாளர், இசைவாணர், தச்சர் எனப் பலரையும் மாதச் சம்பளத்தில் வைத்தார். ஆலைக்கு மணி அடிப்பதுபோல் அங்கும் நேரம் உண்டு. நட்சத்திரமானாலும் நேரத்துக்கு வந்தாக வேண்டும். கண்டிப்பானவர், கடுகடுப்பானவர் என்று பெயர்.

தர்மசீலரா? இல்லை, கணக்கறிந்தவர். மாதச் சம்பளம் தரவேண்டுமானால் மாதமெல்லாம் வேலை வேண்டும். ஆகவே ஒரு படம் ஓடும்போதே அடுத்ததன் வேலை நடந்தது. படப்பிடிப்பும் ஒலிப்பதிவும் படத்தொகுப்பும் ஒரே வளாகத்தில் நடந்தன. வேலை நிற்காததால் ஆட்கள் தேர்ந்தார்கள், தேர்ந்த கைகளால் செலவு குறைந்தது. தொழிலாளி வீட்டு அடுப்பும் முதலாளியின் பெட்டியும் ஒன்றாகவே நிறைந்தன. நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் அந்த வாயிலைக் கடந்தன.

2013 கம்பெனிச் சட்டம், பெரிய நிறுவனங்கள் தம் மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. செலவிடட்டும், பள்ளிக்குப் பெஞ்சி வாங்கித் தரட்டும்! ஆனால் அதே ஆலையின் வாசலில் ஒப்பந்தக் கூலி நாளை வேலை உண்டா என்று கேட்டு நிற்கிறானே, அவன் எந்த விழுக்காட்டில் அடங்குவான்?

நம் இயக்கத்தின் எழுத்துக்கும் அங்கே இடம் கிடைத்தது. புரட்சிக்கவிஞரின் காவியம் 1950-ல் பொன்முடி ஆயிற்று. அவ்வாண்டே கலைஞரின் உரையாடலில் மந்திரிகுமாரி வந்து கொட்டகைகளை அதிரவைத்தது. சுந்தரம் சுயமரியாதைக்காரர் என்று நாம் உரிமை கொண்டாடவில்லை. மக்கள் காது எப்பக்கம் திரும்பிவிட்டது என்று அறிந்த வியாபாரி. புராணம் விற்றவரையே பகுத்தறிவு பேசவைத்தது மக்களின் காது!

ஒன்று மட்டும் உறுத்துகிறது. அத்தனை ஒழுங்கும் ஒரு மனிதரின் தலைக்குள் இருந்தது. 1963 ஆகஸ்டு 30-ல் அவர் மறைந்தார். மகன் பொறுப்பேற்றார், படங்களும் சில காலம் வந்தன. படத்தொழிலோ சென்னையில் குவிந்துவிட்டது. மெல்ல மெல்லப் படப்பிடிப்பு நின்றது, நிலம் கைமாறியது, அரங்குகள் இருந்த இடத்தில் வீடுகள் எழுந்தன. ஏற்காடு செல்லும் பேருந்தில் அமர்ந்தால் சாலையோரம் அந்த வாயில் வளைவு மட்டும் கண்ணில் படும்.