படச்சுருள் தேடிய பயணி
ஆவணப்படம் என்ற சொல் தமிழில் வேரூன்றாத காலத்திலேயே அதற்காக உலகைச் சுற்றியவர் ஏ.கே.செட்டியார். 1911-இல் கோட்டையூரில் பிறந்த அவர், டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்றார். 1937-இல் நியூயார்க்கிலிருந்து அயர்லாந்து சென்ற கப்பலில், காந்தியைப் பற்றிப் படம் எடுக்கும் எண்ணம் அவருக்கு உதித்தது. நாடு நாடாக அலைந்து, பலரும் வெவ்வேறு காலங்களில் எடுத்திருந்த சுமார் 50,000 அடிப் படச்சுருளைத் திரட்டி, 12,000 அடியாகத் தொகுத்தார். 1940-இல், ஆங்கிலேயர் ஆட்சியிலேயே, அது தமிழில் வெளியானது. பின்னர், 1983-இல் மறையும்வரை, தமது ‘குமரி மலர்’ இதழில் பழைய எழுத்துகளைத் தேடித்தேடி அச்சிட்டார்.

அழியவிருந்த துண்டுகளுக்கு அவர் அளித்த மதிப்பே ஓசூரில் வாழும் என்னை ஈர்க்கிறது. நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரு வட்டாரக் கழிவுகளைச் சுமந்து, கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்க நிற்பதை இன்று எத்தனையோ கைப்பேசிகள் படம்பிடிக்கின்றன. நுரைக்கு முந்தைய ஆறோ கரையோர முதியவர்களின் நினைவிலும், வீட்டுச் சுவர்களில் மங்கிவரும் புகைப்படங்களிலும் சிதறிக் கிடக்கிறது. தெளிந்த நீர் ஓடியதற்குச் சான்று இல்லையெனில், அதைத் திருப்பிக் கேட்கும் குரலுக்கு வலு குறையும். செட்டியாரைப் போல ஊர் ஊராகச் சென்று திரட்டும் பணியை, நினைவுடையோர் நம்மிடையே இருக்கும்போதே தொடங்கியாக வேண்டும்.